டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: தாய் நலத்தில் தொடங்கும் குழந்தை நலம்

தமிழ்நாட்டு அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியுள்ளது. குழந்தையின் நலம் தாயின் நலத்தில் தொடங்குகிறது என்பதை அவருடைய வாழ்க்கை உணர்த்துகிறது.

கல்வியும் மருத்துவப் பணியும்

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாயிருந்த காலத்தில், எதிர்ப்புகளைக் கடந்து, ஆண்கள் பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். 1925இல் இங்கிலாந்து சென்று பெண்கள், குழந்தைகள் நோய்கள் குறித்து மேற்படிப்பை மேற்கொண்டார்.

சட்டமன்றத்தில்

நோயாளி மருத்துவமனைக்கு வந்த பின்பு அளிக்கும் சிகிச்சை மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டுமென்றும், பள்ளி மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டுமென்றும் வலியுறுத்தினார். பெண்களின் திருமண வயதை உயர்த்தவும் பாடுபட்டார். உடல் முழு வளர்ச்சி பெறுமுன் கருவுற்றால் தாய்க்கு ஆபத்து மிகுதி. குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பும் கூடுதல்.

ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தையும், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவினார். 1956இல் பத்ம பூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

இன்று நாம் செய்ய வேண்டியவை

நெய்வேலி நகரியத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழும் குடும்பங்கள் பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்:

• கருவுற்றதை அறிந்தவுடன், 12 வாரங்களுக்குள், கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்துகொள்ள வேண்டும். நிதியுதவி பெறவும் இப்பதிவு தேவை. தகுதி, தவணை விவரங்களைச் செவிலியரிடம் கேட்டறியலாம்.
• இரத்த அழுத்தம், இரத்தசோகை ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரைகளை மருத்துவர் கூறியபடி உட்கொள்ள வேண்டும்.
• பிரசவம் மருத்துவமனையிலேயே நடைபெற வேண்டும்.
• பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும்; முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதுமானது.
• பிறந்தவுடனும், 6, 10, 14 வாரங்களிலும், 9 மாதம் நிறைவடைந்த பின்பும் உரிய தடுப்பூசிகளைப் போட வேண்டும்.

உடனடி கவனம் தேவைப்படும் அறிகுறிகள்

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, வலிப்பு ஏற்பட்டாலோ, உடல் சில்லிட்டாலோ, அசைவின்றிச் சோர்ந்து கிடந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரத்தை இழக்காமல் 108 ஆம்புலன்சை அழைக்கவும். ஐயங்களுக்கு 104 என்ற சுகாதார உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.