எளிமையில் எழில் கண்ட நந்தலால் போஸ்

பொருள் பெருகினால் அழகும் பெருகும் என்று எண்ணுவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. கடைவீதி ஒருபுறம் அழைக்கின்றது. கைப்பேசி மறுபுறம் ஓயாது கூப்பிடுகின்றது. வாங்கிய பொருளைக் கண்ணாரக் காண்பதற்குள் அடுத்த பொருள் மனத்தைக் கவர்ந்துவிடுகின்றது. இந்நிலையில் ஓவியப் பெருந்தகை நந்தலால் போஸ் அவர்களின் வாழ்வை நினைவுகூர்தல் நமக்கெல்லாம் நலம் பயக்கும் எனக் கருதுகின்றோம்.

நந்தலால் 1882 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள், பீகாரில் உள்ள கரக்பூரில், வங்காளக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் தர்பங்கா சமஸ்தானத்துப் பணியில் இருந்தமையால் குடும்பம் ஆங்கு வாழ்ந்தது. பிழைப்பின் பொருட்டு வேற்றுமொழி வழங்கும் மண்ணில் குடியேறிய நம்மைப் போன்றோர்க்கு அவர் அயலார் அல்லர். அன்னையார் பொம்மைகள் செய்வதில் கைதேர்ந்தவர். அதனைக் கண்டு வளர்ந்த சிறுவனும் களிமண்ணில் உருவங்கள் சமைக்கத் தொடங்கினான்.

சுற்றத்தார் விருப்பப்படி 1905 இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வணிகவியல் பயிலச் சேர்ந்தார். தேர்வுகளில் மீண்டும் மீண்டும் தோல்வியே கிட்டியது. பின்னர் வீட்டாரை ஒருவாறு இசையச் செய்து கலைப்பள்ளியை அடைந்தார். அங்கு அவனீந்திரநாத தாகூர் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். வணிகம் இழந்தது ஒரு கணக்கரை. நாடு பெற்றதோ ஒரு கலைஞரை.

இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனத்தில் 1922 முதல் 1951 வரை கலாபவனத்தின் தலைவராக விளங்கினார். புல்லும் பூவும், ஆடும் மாடும், உழைக்கும் சந்தால் மக்களுமே அவர்தம் பாடநூல்கள். சிறு அஞ்சலட்டைகளில் விரைந்து வரைந்து மாணவர்க்கும் நண்பர்க்கும் அனுப்புவது அவர் வழக்கம். நம் கோலத்திற்கு உடன்பிறந்தாள் எனத்தகும் வங்காளத்து ஆல்பனாவை ஆசிரம விழாக்களின் அணியாக்கினார். அரிசிமாவுக் கரைசலும் பழகிய விரலுமே அதற்கு வேண்டுவன.

அழகுணர்வு செல்வர்க்கே உரியது என்னும் கூற்றை அவர் ஏற்கவில்லை. கல்வியில் கலை பெறவேண்டிய இடத்தைப் பற்றி எழுதுங்கால், மண்குடிசையில் தன் பானைகளையும் கந்தைகளையும் ஒழுங்குற வைத்திருக்கும் ஏழைச் சந்தாலையும், மாளிகை போன்ற விடுதியில் விலையுயர்ந்த உடைமைகளைத் தாறுமாறாய் இறைத்து வைத்திருக்கும் மாணவனையும் ஒப்பிட்டுக் காட்டினார். வறியவன் எவன் என்பது அவ்வொப்பீட்டில் தானே விளங்கும்.

இக்கொள்கைக்குப் பெருஞ்சான்று 1938 இல் குசராத்தின் அரிபுராவில் கூடிய காங்கிரசு மாநாடு. காந்தியடிகளின் விருப்பத்தை ஏற்று, நந்தலால் எண்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தாமே தீட்டினார். மாணவர்கள் அவற்றிற்குப் படிகள் எடுத்தனர். கைக்காகிதமும் மண்வண்ணங்களுமே கருவிகள். மேளம் அடிப்பவர், தையற்காரர், தச்சர், நெல் குற்றும் மகளிர் ஆகியோரே தலைமக்கள். மாநாட்டு நகரின் வாயில்களிலும் பந்தல்களிலும், சிற்றூரார் நடந்து செல்லும் வழியிலேயே அவை காட்சி தந்தன. நுழைவுச்சீட்டு இல்லை, விலைச்சீட்டும் இல்லை. தம்மை ஒத்தவரே ஓவியமாய் நிற்பதை எளியோர் கண்டனர். அவ்வோவியங்கள் பல இன்று புது தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் போற்றப்படுகின்றன.

நம் அரசமைப்புச் சட்டத்தின் மூலப்படியை அணிசெய்ததும் அவரும் அவர்தம் மாணவருமே. 1954 இல் பத்மவிபூஷண் விருது பெற்ற அப்பெரியார் 1966 ஏப்ரல் 16 அன்று இயற்கை எய்தினார்.

வேண்டிய பொருளை ஈட்டுதல் குற்றமன்று. அதற்காகவே நாம் ஊர் விட்டு வந்தோம். ஆயின் ஈட்டியதையெல்லாம் அடுக்கி வைத்துவிட்டு, அடுக்ககத்து வாயிலில் இல்லத்தரசி காலையில் இடும் நான்கு புள்ளிக் கோலத்தைத் தாண்டிச் செல்வோமாயின், அரிபுராவின் உழவர் பெற்ற செல்வத்தை நாம் இழந்தவராவோம். நாளைக் காலையில் அக்கோலத்தருகே நம் குழந்தைகளோடு சிறுபொழுது நிற்போமாக.