பெயர் மாற்றி வந்த விருந்தாளி

ஜோர்தான் நாட்டின் தெற்கே, பாலை மலைகளுக்கிடையே கிடக்கும் பள்ளத்தாக்கு வாதி மூசா. அங்கே ஒரு மாலைப்பொழுதில், பதூயீன் முதியவர் ஒருவரின் ஆட்டுமயிர்க் கூடாரத்தில் நான் அமர்ந்திருந்தேன். ஏலக்காய் மணக்கும் கோப்பியைப் பிடியற்ற சிறு கிண்ணத்தில் வார்த்துத் தந்தார். கிண்ணம் வெறுமையாகுந்தோறும் மீண்டும் வார்த்தார். போதுமென்பதற்கு அதனை அசைத்துக் காட்டவேண்டும் என்பதை மூன்றாங் கிண்ணத்தின் பின்னரே அறிந்துகொண்டேன். என் பெயரையோ ஊரையோ அவர் கேட்கவில்லை. வந்த விருந்தினனை மூன்று நாள்வரை யாரென்று வினவலாகாது என்பது அம்மக்களின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தின் நிழலில் உலவிய ஒருவரின் நினைவு அவ்வேளை என் உள்ளத்தில் எழுந்தது.

அவரே யோகான் லுட்விக் பர்க்ஹார்ட். 1784இல் லொசானிற் பிறந்த சுவிஸ் நாட்டவர். லைப்சிக், கோத்திங்கன் பல்கலைக்கழகங்களிற் பயின்று, 1806இல் இலண்டன் சென்றார். ஆபிரிக்காவின் உள்நாட்டை ஆராய முனைந்த ஆபிரிக்கச் சங்கம் அவரைத் தன் பயணியாக ஏற்றது. கேம்பிறிட்ஜில் அரபு கற்றார். வெறுங்காலுடன் நடந்தும் வெறுந்தரையில் உறங்கியும் உடலைப் பழக்கினார். 1809இல் புறப்பட்டுச் சிரியாவை அடைந்து, அலெப்போவில் தங்கி மொழியிலும் மார்க்க நூல்களிலும் தேர்ச்சி பெற்றார். ஷேக் இப்ராஹீம் என்ற பெயரும் அரபு உடையும் அவரை வேறொரு மனிதராக்கின.

1812இல் டமஸ்கஸிலிருந்து கெய்ரோ நோக்கி வருகையில், கெரக் என்னும் ஊரில் ஏறத்தாழ 20 நாள் தங்கினார். மந்தைகள் மலிந்த அவ்வூரில் நெய்யை விற்பது பேரிழுக்கு. அது விருந்தினர்க்கே உரியது. நெய் விற்றவன் வீட்டிற் பெண்கொள்ளவும் எவரும் முன்வரார். அதே ஊரின் தலைவரோ வழித்துணைக்கென்று அவரிடம் பணம் பறித்தார். இவ்விரண்டையும் பர்க்ஹார்ட் ஒளியாது எழுதினார். ஆனால் எழுதியதைத்தான் ஒளித்தார். மேலங்கிக்குள் மறைந்தே அவரது குறிப்பேடு நிரம்பியது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், ஹாரூன் நபியின் அடக்கத்தலத்தில் ஆடு அறுக்க நேர்ந்திருப்பதாகச் சொல்லி இப்பள்ளத்தாக்கினுள் நுழைந்தார். இரண்டு பழைய குதிரை லாடங்களைக் கூலியாகப் பெற்ற வழிகாட்டி, நீர்த்தோற்பையை அவரிடம் சுமக்கத் தந்து, ஆட்டைத் தான் சுமந்து உடன் வந்தான். மலை பிளந்த இடுக்குவழி முடிந்த இடத்தில், நபாத்தியர் செம்பாறையிற் குடைந்த மாளிகை எதிரே நின்றது. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாகக் காணாத பெத்ரா நகர் இதுவாகலாம் என அவர் ஊகித்தார். இடிபாடுகளில் அவர் நாட்டங் கண்ட வழிகாட்டி, புதையல் தேடும் காபிர் என ஐயுற்றுச் சினந்தான். ஆயினும் கைவிட்டுப் போகவில்லை. பொழுது சாய்ந்தபின், அடக்கத்தலம் தெரியும் ஓரிடத்தில் ஆட்டை அறுத்தனர். கொள்ளையர் நெருப்பைக் கண்டுவிடுவரோ என்றஞ்சி, விரைவாகச் சமைத்து உண்டு திரும்பினர்.

பொய்ப்பெயர் கூறி உண்ட உணவு உணவாகுமா? இக்கேள்வி எனக்கு எளிதாக விடை தரவில்லை. அவர் ஒரு காசுப் புதையலும் கொண்டுபோகவில்லை. ஆனால் அவர் எழுதியது பள்ளத்தாக்கை உலகுக்குத் திறந்துவிட்டது. வந்தோர் பெருகினர், குகைகளில் வாழ்ந்த பதூயீன் குடும்பங்கள் 1985 முதல் அருகே கட்டப்பட்ட சிற்றூருக்குக் குடிபெயர்க்கப்பட்டன. விருந்தளித்தவர் வீடிழந்தனர் என்பதும் இக்கதையின் ஒரு பகுதியே.

அவருக்கும் எண்ணியது கைகூடவில்லை. 1813இல் அபூ சிம்பெல் கோயிலைக் கண்டார். 1814இல் மக்கா சென்றார். ஆபிரிக்க உள்நாட்டுக்குச் செல்லும் ஒட்டக வணிகர் கூட்டத்துக்காகக் கெய்ரோவிற் காத்திருக்கையில், வயிற்றுளைவு கண்டு 1817 ஒக்டோபர் 15இல் மாண்டார். வயது 32. அவர் நூல்கள் யாவும் இறந்தபின் வெளிவந்தவையே. பதூயீன்களின் வாழ்வைக் கூறும் நூல் 1830இல் வந்தது. சேர்த்த அரபுச் சுவடிகளைக் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்றார். கெய்ரோவின் முஸ்லிம் மையவாடியில், இரவலாகக் கொண்ட இப்ராஹீம் என்ற பெயருடனேயே அடங்கினார். வேடமாகத் தொடங்கிய பெயர் மண்ணுக்குள்ளும் அவரை விடவில்லை.

நெருப்புத் தணிந்தது. விடைபெறும்போது, கேளாத அம்முதியவரிடம் என் பெயரையும் ஊரையும் நானே சொன்னேன்.