பட்டி ஹாலி: 22 வயதில் முடிந்த இசைப் பயணம்... அந்தக் குட்டி விமானம் விழுந்தது ஏன்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், லபக் நகரில் 1936 செப்டம்பர் 7 அன்று பிறந்தவர் பட்டி ஹாலி. கறுப்பு ஃப்ரேம் கண்ணாடியும் கையில் கிட்டாருமாக மேடையேறி, தானே எழுதித் தானே பாடிய ராக் அண்ட் ரோல் கலைஞர். 1957இல் அவரது 'தட்'ல் பி த டே' பாட்டு அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆனபோது அவருக்கு வயசு 21தான்.

பேர் வந்த அளவுக்குக் கையில் காசு இல்லை. 1958 கடைசியில் மேனேஜரோடு பிரிவு, பணம் முடக்கம். வீட்டில் கர்ப்பிணி மனைவி. வேறு வழியில்லாமல்தான் 1959 ஜனவரியில் குளிர்காலச் சுற்றுப்பயணத்துக்கு ஒப்புக்கொண்டார்.

விமானம் ஏறியது ஏன்?

பயணம் முழுக்க பஸ்ஸில். உறையவைக்கும் குளிரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. டிரம்ஸ் கலைஞருக்குப் பனியில் கால் பாதித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நொந்துபோன ஹாலி, பிப்ரவரி 2ஆம் தேதி அயோவா மாநிலம் கிளியர் லேக்கில் பாடி முடித்ததும், அடுத்த ஊருக்குப் போக நான்கு பேர் உட்காரும் பீச்கிராஃப்ட் பொனான்ஸா விமானத்தை வாடகைக்கு எடுத்தார். காய்ச்சலில் இருந்த ஜே.பி. ரிச்சர்ட்சன் ஒரு சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்னொரு சீட், நாணயம் சுண்டிப் போட்டதில் 17 வயது ரிச்சி வாலன்ஸுக்குப் போனது.

நள்ளிரவு 1 மணியை ஒட்டி கிளம்பிய விமானம், சில நிமிடங்களிலேயே வயல்வெளியில் மோதியது. 21 வயது விமானி உட்பட நான்கு பேருமே பலி.

காரணம் என்ன?

எஞ்சினில் கோளாறு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. விசாரணையில் தெரியவந்தவை:

• நிலா வெளிச்சமோ அடிவானமோ தெரியாத இருட்டு, பனி. அப்படிப்பட்ட இரவில் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்க வேண்டும். அதற்கான தகுதிச் சான்று விமானியிடம் இல்லை.

• விமானம் மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று காட்டும் கருவி, அவர் பழகியதற்கு நேர் எதிராகக் காட்டும் வகை. இறங்குவதை ஏறுவதாக அவர் நினைத்திருக்கலாம்.

• மோசமான வானிலை பற்றிய இரண்டு எச்சரிக்கைகள் அவரிடம் சொல்லப்படவே இல்லை.

கிளம்பியதே தவறான முடிவு என்பதுதான் 1959 செப்டம்பரில் வந்த அறிக்கையின் முடிவு. மற்றவை துணைக் காரணங்கள்.

பஸ்ஸில் ஒரு ஹீட்டர் ஒழுங்காக ஓடியிருந்தால், ஹாலி அந்த விமானத்தைத் தேடியிருக்கவே மாட்டார்.