சோப்புத் தண்ணீரில் ஒரு புதிர்: புனே ஆய்வகத்தின் முதல் இயக்குநர் மெக்பெய்ன் யார்?

வெண்டைக்காயை நறுக்கினால் கத்தியோடு மெல்லிய இழை ஒன்று கூடவே வரும். இழுத்தாலும் சட்டென்று அறுந்துவிடாது. வெறும் தண்ணீர் ஏன் அப்படி வருவதில்லை?

புனேவின் வானவடியில் இருப்பவர்கள் இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். நகரின் மறுகோடியில், பாஷாணில் இருக்கிறது தேசிய வேதியியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர் ஜேம்ஸ் வில்லியம் மெக்பெய்னின் வாழ்க்கையே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது.

நம்பாத சபை

1882இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் பிறந்தவர் மெக்பெய்ன். டொராண்டோவிலும் ஜெர்மனியிலும் படித்துவிட்டு 1906இல் பிரிட்டனின் பிரிஸ்டலுக்கு வந்தார். அங்கே அவரைப் பிடித்துக்கொண்டது சோப்பு.

சோப்புக் கரைசலில் மின்சாரம் தாராளமாகப் பாய்கிறது. அப்படியென்றால் உள்ளே நிறைய மின்னேற்றத் துகள்கள் இருக்கணும். ஆனால் வேறு வழியில் எண்ணிப் பார்த்தால் துகள்கள் குறைவாகவே தெரிந்தன. அதெப்படி? துகள்கள் கூட்டாகச் சேர்ந்து, மின்னேற்றத்தோடு கொத்துக் கொத்தாக மிதக்கின்றன என்றார் மெக்பெய்ன். ஆண்டு 1913. அந்தக் கொத்துக்கு இன்று மைசெல் என்று பெயர்.

லண்டன் கூட்டம் ஒன்றில் தலைமை வகித்த பெரியவர் இதை வெறும் அபத்தம் என்று தள்ளிவிட்டதாக வேதியியலாளர்கள் இன்றும் கதையாகச் சொல்வதுண்டு. அதே காலத்தில் ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கரும் கேலிக்கு ஆளானார். ரப்பர் என்பது சிறு மூலக்கூறுகளின் கூட்டம் அல்ல, ஒரே நீளச் சங்கிலி என்று அவர் சொன்னதுதான் காரணம். சேர்கின்றன என்றவருக்கும் அடி, சேரவில்லை என்றவருக்கும் அடி! கடைசியில் இருவர் சொன்னதும் சரி.

இழுத்தால் என்ன ஆகும்?

பாலிமர் என்ற அந்த நீளச் சங்கிலி, தண்ணீரில் சும்மா இருக்கும்போது சிக்கு விழுந்த நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். கரைசலைக் கலக்கினால் கண்டு உருளும், லேசாக நீளும், அவ்வளவுதான். ஆனால் ஓட்டமே இரு பக்கமும் இழுப்பதாக இருந்தால் கதை வேறு. கண்டு திரும்பச் சுருளுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட இழுப்பு வேகமாகிவிட்டால், அது திடீரென்று விரிந்து நீண்டுவிடும். இந்தத் திடீர்த் தாவலை 1974இல் விளக்கியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென்.

தண்ணீர் போன்ற எளிய திரவம் நீட்சியை எதிர்ப்பது, அதன் வழக்கமான பாகுத்தன்மையைப் போல 3 மடங்குதான். நீண்ட சங்கிலிகள் கொஞ்சம் கலந்திருந்தாலே அது நூறு, ஆயிரம் மடங்காகக்கூட ஏறலாம். வெண்டைக்காய் இழை அறுந்துபோகாமல் நிற்பதும் இதனால்தான்.

போரும் பெட்ரோலும்

பிரிஸ்டலில் இருந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போன மெக்பெய்ன், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அலுமினிய சோப்புகளை ஆராய்ந்தார். பெட்ரோலில் கலந்தால் அவை சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு அதைக் கெட்டியாக்கும். நேபாம் குண்டில் இருந்தது இதே வகைச் சரக்குதான். இதைச் சொல்லாமல் அந்தக் காலத்து சோப்பு ஆராய்ச்சியைப் பற்றிப் பேச முடியாது.

அவரோடு இந்த வேலையில் இருந்த கரோல் மைசெல்ஸ் விநோதமான ஒன்றைக் கண்டார். பெயருக்கும் மைசெல்லுக்கும் சம்பந்தமில்லை! கெட்டியாக்கிய பெட்ரோல், குழாயில் வேகமாகப் போகும்போது சாதாரண பெட்ரோலைவிடச் சுலபமாக ஓடியது. அவருக்கு 1949இல் காப்புரிமை கிடைத்தது. பாலிமர் கரைசலிலும் இதே விளைவை 1948இல் பிரிட்டனின் டாம்ஸ் அறிவித்திருந்தார். குழாய்ச் சுவரை ஒட்டி எழும் சுழல்கள் சங்கிலிகளை நீட்டப் பார்க்கின்றன, சங்கிலிகள் முரண்டு பிடிக்கின்றன, சுழல்கள் சோர்ந்துபோகின்றன. வீணாகும் ஆற்றல் குறைகிறது. 1979இல் அலாஸ்காவின் எண்ணெய்க் குழாயில் இந்த உத்தி பயன்பாட்டுக்கு வந்தது.

67 வயதில் புனே

ஸ்டான்ஃபோர்டில் ஓய்வு பெற்ற பிறகு, இப்போதுதான் உருவாகும் ஓர் ஆய்வகத்தை நடத்த இந்தியா அழைத்தது. அந்த வயதில் யாராக இருந்தாலும் யோசிப்பார்கள், மெக்பெய்ன் வந்தார். 1950 ஜனவரி 3 அன்று பிரதமர் நேரு ஆய்வகத்தைத் திறந்துவைத்தார். 1952 வரை பொறுப்பில் இருந்த மெக்பெய்ன், 1953 மே மாதம் காலமானார். அதே ஆண்டுதான் ஸ்டாடிங்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1976இல் அதே ஆய்வகத்தில் சேர்ந்த ரகுநாத் மஷேல்கர், பாலிமர் திரவங்களின் ஓட்டத்தை ஆராய்ந்தார். 1989இல் மெக்பெய்ன் வகித்த இயக்குநர் பொறுப்புக்கும் அவர் வந்தார்.