மாதம் பதினொன்றரை பவுண்டு

பிளஸ் 2 மாணவர்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பருவத்தில் எனக்கு அம்பேத்கரின் நினைவே வரும். அரசமைப்புச் சட்டத்தை வடித்தவராக அவரை அறிந்தோர் பலர்; உதவித்தொகையை நம்பிப் படித்தவராக அறிந்தோர் சிலரே.

1907இல் மெட்ரிகுலேஷன் தேறிய அவரைத் தொடர்ந்து படிக்கவைக்கத் தந்தைக்கு வசதி போதவில்லை. கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் அவரைப் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் கொண்டு சேர்த்தார். மாதம் 25 ரூபாய் கிடைத்தது. எடுத்துச்சொல்ல ஒரு கேளுஸ்கர் இல்லாத பிள்ளைகளே இன்றும் மிகுதி.

1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு அளித்தார் மன்னர். பத்தாண்டுகள் பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1916இல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிய, ஆய்வைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் சாதியின் பெயரால் தங்கும் இடமும் மறுக்கப்பட்டது. பம்பாயில் பேராசிரியராகிச் சேமித்து, கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவியும் நண்பரின் கடனும் சேர, 1920இல்தான் லண்டன் திரும்பினார், டி.எஸ்சி. பட்டம் 1923இல். இடையே கழிந்த மூன்றாண்டுகளைப் பணமின்மையின் விலை என்றே பொருளியல் ஆசிரியனாகிய நான் கணக்கிடுவேன்.

அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, 1944இல், பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்றும் அது நடைமுறையில் உள்ளது. ஆனால், கல்வியாண்டு முடிந்தபின் பணம் கைக்கு வந்த மாணவர்களை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன். அதுவரை கட்டணத்துக்காக அவர்களுடைய பெற்றோர் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வட்டியை எந்த அரசும் கணக்கில் எடுத்ததில்லை.