துணி வெளுத்த பெண் சீமாட்டி ஆனார்

அமெரிக்காவின் தென்பகுதியில் லூசியானா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே டெல்டா என்ற சிற்றூரில், 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. சாரா என்று பெயரிட்டார்கள்.

தாயும் தந்தையும் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமைத்தனம் ஒழிந்த பிறகு அந்தக் குடும்பத்தில் பிறந்த முதல் குழந்தை சாராதான். சுதந்திரம் வந்தது; வறுமை போகவில்லை.

ஏழு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்து சாரா அனாதையானாள். அக்காள் வீட்டில் வளர்ந்தாள். அங்கே அக்காள் கணவரின் கொடுமை தாங்கமுடியவில்லை. 14-வது வயதில் கல்யாணம் செய்துகொண்டாள். 1885-ல் லீலியா என்ற மகள் பிறந்தாள். இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்துவிட்டார். அப்போது சாராவுக்கு வயது 20.

சலவைத் தொட்டி

கைக்குழந்தையுடன் சாரா செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். அவருடைய அண்ணன்மார் அங்கே முடி திருத்தும் தொழில் செய்து வந்தார்கள். சாரா ஊரார் துணியை வாங்கி வெளுத்தார். நாள் முழுவதும் குனிந்து தேய்த்தாலும், கிடைத்தது ஒரு டாலருக்குச் சற்று அதிகம். அதிலும் மிச்சம் பிடித்து மகளைப் படிக்க வைத்தார்.

இதற்கிடையே அவருக்கு ஒரு பெரிய கவலை வந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அந்தக் காலத்தில் ஏழைகள் வீட்டில் தண்ணீர்க் குழாய் கிடையாது. தலைக்குக் குளிப்பதே அபூர்வம். அதனால் தலையில் பொடுகும் சொறியும் உண்டாகி, பல கறுப்பினப் பெண்களுக்கு முடி கொட்டியது.

அதே ஊரில் ஆனி டர்ன்போ என்ற கறுப்பினப் பெண்மணி கூந்தல் மருந்து தயாரித்து விற்றார். சாரா அவருடைய மருந்தை வீடு வீடாக விற்கத் தொடங்கினார். 1905-ல் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தார். பிறகு தாமே சொந்தமாக ஒரு களிம்பு தயாரித்தார். கந்தகமும் வாசலினும் கலந்த களிம்பு அது.

இந்த முறையைத் தமக்குக் கனவில் ஒருவர் சொல்லிக் கொடுத்ததாக அவர் கூறுவார். ஆனால் கந்தகம் கலந்த மருந்து அதற்கு முன்பே இருந்ததுதான். அவருடைய திறமை விற்பனையில் இருந்தது.

பெயரில் ஒரு மரியாதை

1906-ல் சார்லஸ் ஜோசப் வாக்கர் என்பவரை மணந்தார். அது முதல் தம் பெயரை மேடம் சி. ஜே. வாக்கர் என்று வைத்துக்கொண்டார். அதற்குக் காரணம் உண்டு. கறுப்பினப் பெண் எவ்வளவு வயதானவராக இருந்தாலும், வெள்ளையர்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். டப்பாவிலேயே மேடம் என்று அச்சிட்டுவிட்டால், மரியாதை இல்லாமல் எப்படிக் கூப்பிட முடியும்?

டப்பாவின் மேல் தம் படத்தையே போட்டார். முடி கொட்டியபோது எடுத்த படத்தையும், நீண்ட கூந்தலோடு எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளம்பரம் செய்தார்.

1910-ல் இண்டியானாபோலிஸ் நகரில் தொழிற்சாலை அமைத்தார். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள் தலை கழுவவும் சிகை அலங்காரம் செய்யவும் பயிற்சி பெற்று, அவருடைய சரக்கை விற்றார்கள். சமையற்காரியாகவும் சலவைக்காரியாகவும் பிறர் வீட்டில் உழைத்தவர்கள் சொந்தக் காலில் நின்றார்கள்.

எழுந்து நின்றார்

கறுப்பின மக்களிடமே அவருக்கு எதிர்ப்பு இருந்தது. சுருட்டை முடியை நீட்டி, வெள்ளைக்காரிபோல் ஆகச் சொல்கிறார் என்று குறை கூறினார்கள். தாம் விற்பது முடியை நீட்டும் மருந்தல்ல, தலையைச் சுத்தமாக வைத்து முடியை வளர்க்கும் மருந்து என்பது அவருடைய பதில். ஆனாலும் அவருடைய முறையில் சூடேற்றிய சீப்பும் இருந்தது. அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

1912-ல் சிகாகோவில் கறுப்பின வியாபாரிகள் மாநாடு கூடியது. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவரைப் பேச அழைக்கவில்லை. கடைசி நாளன்று அம்மையார் தாமாகவே எழுந்தார். பருத்திக் காட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து சொந்தத் தொழிற்சாலைக்கும் வந்த கதையைச் சொன்னார். அடுத்த ஆண்டு மாநாட்டில் பேச வாஷிங்டனே அவரை அழைத்தார்.

1917-ல் கிழக்கு செயின்ட் லூயிஸ் கலவரத்தில் கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டனர். நீதி கேட்டு வெள்ளை மாளிகைக்குச் சென்ற குழுவில் அம்மையாரும் இருந்தார். ஜனாதிபதி வில்சன் அவர்களைப் பார்க்கவில்லை. மனம் தளராத அம்மையார், கறுப்பினத்தாரைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமையை ஒழிக்க 5,000 டாலர் அளித்தார்.

நியூயார்க் அருகே ஹட்சன் ஆற்றங்கரையில் முப்பதுக்கு மேற்பட்ட அறைகள் கொண்ட மாளிகை கட்டினார். வரைபடம் போட்டவரும் கறுப்பினத்தவரே. அங்கே அதிக நாள் வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1919 மே 25-ந் தேதி, 51-வது வயதில் சிறுநீரக நோயால் காலமானார்.

சீப்பில் ஓர் உருவம்

1914-ஆம் ஆண்டுவாக்கில் அடிசன் ஸ்கர்லாக் என்ற கறுப்பினக் கலைஞர் அம்மையாரைப் புகைப்படம் எடுத்தார். 2008-ல் சோனியா கிளார்க் என்ற கறுப்பினப் பெண் கலைஞர், அந்தப் படத்தைப் பார்த்து ஆளுயரத்தை விடப் பெரிய உருவம் ஒன்றை அமைத்தார். வண்ணம் இல்லை, தூரிகை இல்லை. 3,840 பிளாஸ்டிக் சீப்புகளை அடுக்கி, வேண்டிய இடத்தில் பற்களை உடைத்தெடுத்து, ஒளியும் நிழலும் உண்டாக்கினார். அது டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரக் கலைக்கூடத்தில் இடம்பெற்றது.

அந்தச் சாதாரணச் சீப்பைக் கொண்டே ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டவர் அல்லவா அம்மையார்! அவருக்கு இதைவிடப் பொருத்தமான சித்திரம் வேறு என்ன இருக்க முடியும்?