ஆலோசனைத் தொழிலை வகுத்த ஆசிரியர் யேம்ஸ் மக்கின்சி

ஆசிரியப் பயிற்சி பெற்ற ஒருவர் பெரு வணிகர்களுக்கு வழிகாட்டியாய் விளங்கினார் என்றால் நம்மவரிற் பலர் வியப்புறுவர். அத்தகையவரே யேம்ஸ் மக்கின்சி. அவர் பெயரைத் தாங்கிய ஆலோசனை நிறுவனம் இன்று உலகின் பல நாடுகளிலும் பரந்துள்ளது. ஆயினும், அதன் மூலவர் ஓர் ஆசிரியர் என்பதை அறிந்தோர் சிலரே.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே காமா என்னும் சிற்றூரில், வறிய குடும்பமொன்றில் 1889 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். வாரன்ஸ்பேர்க் ஆசிரியர் கல்லூரியில் 1912 இற் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே சட்டப் பட்டமும் பெற்றார். பின்னர்க் கணக்கியலிற் கருத்தூன்றிச் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் கற்று, அங்கேயே கற்பிக்கவும் தொடங்கினார். முதல் உலகப் போரின்போது படைத்தளவாடப் பிரிவிற் பணியாற்றுகையில், பண்டசாலைகளிற் காணப்பட்ட ஒழுங்கின்மை அவர் உள்ளத்தைத் தைத்தது. கணக்கு என்பது நடந்ததை எழுதி வைப்பது மாத்திரமன்று, நடக்கவேண்டியதை முன்னரே அளந்து வைப்பதுமாம் என்னும் கொள்கை அவரிடத்து வலுப்பெற்றது. 1922 இல் வெளிவந்த அவரது வரவுசெலவுத் திட்டக் கட்டுப்பாடு பற்றிய நூல் அத்துறையில் முன்னோடி நூலாக மதிக்கப்படுகின்றது.

1926 இற் சிக்காகோவிலே தம் பெயரால் ஆலோசனை நிறுவனமொன்றை நிறுவினார். இத்தொழிலின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். கடைக்காரனிடத்து இன்று விலைபோகாத அரிசி நாளை விலைபோகும். ஆலோசகரிடத்து இன்று விலைபோகாத நாளோ என்றென்றைக்கும் போனதே. பத்துப் பேரில் மூவர் வேலையின்றி இருப்பின், ஏனைய எழுவரின் உழைப்பே பத்துப் பேருக்கும் சம்பளம் ஈட்டவேண்டும். அதற்கு அஞ்சி ஆட்களைக் குறைத்தாலோ, புதிய வேலை வருங்கால் அனுப்புதற்கு ஆளிராது. கைதேர்ந்தவரையே எல்லா வேலைக்கும் அனுப்பின் ஊதியம் இலாபத்தை விழுங்கிவிடும். புதியவரை மாத்திரம் அனுப்பின் வாடிக்கையாளர் மறுமுறை அழையார்.

நம் சிலாபப் பகுதியார்க்கு இது புதிதன்று. தென்னந் தோட்டங்களில் ஏறக்குறைய இரு மாதங்களுக்கு ஒருமுறை காய் பறிப்பர். பறிகாரரை வைத்து நடத்தும் குத்தகைக்காரர், எத்தோட்டத்துக்கு எத்தனை பேர், அவருள் மூத்தவர் எத்துணையர், ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குமுன் வெறும் நாள் விழுமா என்றெல்லாம் மனக்கணக்கிட்டே ஆளனுப்புவார். அக்கணக்குத் தவறினால் அவர் வீட்டு அடுப்பு எரியாது.

மக்கின்சி இச்சிக்கலை ஆசிரியருக்குரிய முறையிலே அணுகினார். ஒரு நிறுவனத்தை ஆராயப் புகுவோர் அதன் தொழிற்றுறை, போட்டியில் அதன் நிலை, கொள்கை, நிருவாக அமைப்பு, நிதி என எவ்வெவற்றை எவ்வொழுங்கிற் பார்த்தல் வேண்டுமென்று ஓர் ஆய்வுச் சட்டகம் வகுத்தார். நம் பாடக் குறிப்பை ஒத்தது அது. புதிதாய்ச் சேர்ந்தவரும் அதனைக் கைக்கொண்டு பிழையின்றிப் பணிபுரியலாயினர். மூத்தவர் தம் பொழுதைத் தீர்ப்பு வேண்டிய இடங்களிலே செலுத்த இயன்றது. 1929 இல் அன்ட்ரூ கேர்ணியும், 1933 இல் மாவின் பௌவர் என்னும் இளம் சட்டவறிஞரும் அவருடன் இணைந்தனர்.

ஆட்களைப் பங்கிடும் வித்தையில் மிகக் கடினமானது தலைவர் தம்மையே பங்கிடுதல். 1935 இற் சிக்காகோவின் மாஷல் பீல்ட் என்னும் பெருங் கடை நிறுவனத்துக்கு அறிக்கை வழங்கிய மக்கின்சியை, அதன் தலைமையை ஏற்றுத் தாமே அவற்றை நிறைவேற்றுமாறு அந்நிறுவனத்தார் அழைத்தனர். அவர் உடன்பட்டார். நட்டந் தந்த மொத்த வியாபாரப் பகுதியை மூடினார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தொழிலிழந்தனர். வீதியில் நின்றோரின் குடும்பங்களை நினைக்குமிடத்து, அச்செயலை வெறும் திறமையென்று பாராட்ட என் மனம் ஒருப்படவில்லை. பிறர்க்கு யோசனை கூறுவதினும் தாமே முடிவெடுப்பது எத்துணைக் கடிதென்று அவரும் உடனிருந்தோரிடம் ஒப்பினார்.

இதற்கிடையே அவர் தம் சொந்த நிறுவனம் தலைவரின் கண்காணிப்பை இழந்தது. ஐக்கிய அமெரிக்க உருக்குக் கழகத்தின் பெருவேலை அதன் ஆட்களுக்கு வேலை அளித்து வந்தது. அது முடிவுற்றதும் வருவாய் சுருங்கிற்று, சம்பளச் செலவோ சுருங்கவில்லை. 1937 இன் வணிக மந்தமும் சேர்ந்துகொண்டது. உழைப்பால் நலிந்திருந்த மக்கின்சி, அவ்வாண்டு நவம்பர் மாத இறுதியிலே நுரையீரல் அழற்சியால் 48 ஆவது வயதிற் காலமானார்.

1939 இல் நிறுவனம் இரண்டாயிற்று. நியூயோர்க், பொஸ்ரன் அலுவலகங்கள் பௌவரிடமும், சிக்காகோ கேர்ணியிடமும் சென்றன. கேர்ணி 1947 இலே தம் நிறுவனத்துக்குத் தம் பெயரையே சூட்டினார். பௌவரோ 2003 இல் இறக்கும்வரை மக்கின்சியின் பெயரை மாற்றவேயில்லை.